கோமாரித் தடுப்பு மருந்தும் கணிப்பொறியும்

கறவை மாடு வைத்துப் பிழைக்கும் குடியானவருக்குக் கோமாரி பெருநஷ்டம் விளைவிக்கும் வியாதியாகும். நாக்கிலும் ஈறுகளிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளங்கள் எழும்பும், மாடு தீனி எடாது, பால் வற்றும், இளங்கன்றுகள் திடீரென மடிவதும் உண்டு. இதற்குத் தடுப்பூசியே தக்க காப்பு. ஆயினும் அம்மருந்து உஷ்ணத்தைத் தாங்காது. மரக்காணத்தில் உப்பை விளைவிக்கும் வெயிலே மருந்தைக் கெடுத்துவிடும்.

இதன் காரணம் யாதெனில், மருந்தில் உள்ளது கொல்லப்பட்ட வைரஸ் கிருமி. அதன் மேலோடு 12 துண்டுகள் சேர்ந்து அமைந்தது. ஓடு முழுமையாய் இருந்தால்தான் மாட்டின் உடலில் எதிர்ப்புச் சக்தி நன்கு உண்டாகும். உஷ்ணம் பட்டால் ஓடு துண்டு துண்டாகப் பிரிந்துவிடும்.

தளர்ந்த பொருத்தில் தச்சன் ஆப்பு வைப்பதுபோல, இத்துண்டுகள் சேருமிடத்தை உறுதிப்படுத்த விஞ்ஞானிகள் முயன்றனர். ஓடு புரதத்தால் ஆனது. புரதமோ அமினோ அமிலங்களை மணிகளைப்போல் கோத்த சங்கிலி. அச்சங்கிலி எக்கோணங்களில் மடங்கக்கூடும் என்பதைச் சென்னைச் சர்வகலாசாலையில் ஜி. என். ராமச்சந்திரனும் உடனுழைத்தோரும் கணக்கிட்டு 1963-ல் வெளியிட்டனர். அவர்கள் வரைந்த படம் இன்றும் உலகெங்கும் புரத உருவங்களைச் சரிபார்க்க உதவுகிறது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை, பிர்பிரைட் ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் கோமாரிக் கிருமியின் ஓட்டைக் கணிப்பொறியில் ஆராய்ந்தனர். பொருத்துவாயில் ஓர் அமினோ அமிலத்தை நீக்கி வேறொன்றை வைத்தால் பிடிப்பு எவ்வளவு கூடும் என்று கணிப்பொறி கணக்கிட்டு, மாற்றங்களை வரிசைப்படுத்தியது. சிறந்தவற்றைக் கொண்டு ஓடுகள் செய்து பார்க்கப்பட்டன. 2015-ல் வெளியான முடிவின்படி, ஓ, ஸாட்-2 என்னும் இரு வகைகளின் ஓடுகள் உறுதி பெற்றன. ஊசி ஏற்ற பிராணிகளிடம் எதிர்ப்புச் சக்தியும் மிகுந்தது. இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது ஓ வகையே.

கணிப்பொறி தானே மருந்து செய்வதில்லை. வீண் முயற்சிகளைக் குறைத்து, எதனைச் சோதிக்கலாம் என்று அது வழிகாட்டுகிறது. மருந்தின் தரத்தை முடிவாகக் காட்டுவது பிராணிகளிடத்து நடத்தும் சோதனையேயாகும்.

வழக்கத்திலுள்ள மருந்து 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரில் இருத்தல் அவசியம். ஆகையால் பெரிய முதலியார்சாவடி முதலிய கடற்கரைக் கிராமத்தார் ஊசி போடும் நாளில் மாடுகளை முன்னதாகவே நிழலில் ஓரிடத்தில் கட்டி வைப்பார்களாயின், பனிக்கட்டிப் பெட்டி வெயிலில் வீடுவீடாக அலைய வேண்டியிராது. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 6 மாதத்துக்கு ஒருமுறை இவ்வூசி இலவசமாகப் போடப்படுகிறது. நான்கு மாதம் நிரம்பிய கன்று உட்பட ஒரு மாடும் விடுபடலாகாது. விடுபட்ட ஒரு மாட்டின் வழியே வியாதி ஊருக்குள் புகக்கூடும்.