ஆநிரையும் ஏரிநீரும்

சவ்வாது மலையின் அடிவாரத்தே, செய்யாற்றின் கரையில் அமைந்தது செங்கம். மலைபடுகடாத்தின் தலைவனாகிய நன்னன் ஆண்ட செங்கண்மா இதுவே என்பர். இதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள்ளன. தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அவற்றைப் படியெடுத்து, 1972ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டனர்.

அக்கற்களுட் பல கூறும் செய்தி ஒன்றே. பகைவர் தொறுவைக் கவர்ந்தனர். வீரன் ஒருவன் மீட்கச் சென்று பட்டான். தொறு என்பது ஆநிரை. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்டது. கருந்தேவகத்தி என்பான் தன் எருமைகளைக் காக்கப் பொருது மாண்டான். கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்கிறது அக்கல்லெழுத்து. நாய்க்கும் பெயர் பொறித்துச் சிறப்புச் செய்த அவ்வூராரின் நன்றியுணர்வு பெரிது!

மன்னர் மண்ணுக்காகப் பொருதனர். இவர்கள் மாட்டுக்காகப் பொருதது ஏன்? வானம் பார்த்த நிலத்தில் மழை பொய்த்தால் பயிர் கருகும். ஆடுமாடுகளோ புல்லுள்ள இடம் நோக்கி நடக்கும். ஆதலின் அவையே செல்வமாயின. நடக்கும் செல்வத்தை ஓட்டிச் செல்வதும் எளிது. இக்கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துரைக்கிறது.

வேனிலின் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கருத்து. பாலைக்குரிய தொழில் ஆறலைத்தலும் சூறையாடலும் ஆகும். எனவே, நிலம் திரிந்தால் மாந்தர் தொழிலும் திரியும் என்பது பெறப்படும். ஆயினும் வறட்சியொன்றே வாளெடுக்கச் செய்யும் என்று துணிதல் பொருந்தாது.

இன்று உலகின் வெப்பம் முன்னையினும் ஏறிவிட்டது. 1850 முதல் 1900 வரையிலான காலத்தைவிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் அது ஏறத்தாழ 1.1 பாகை மிகுந்திருந்தது. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் வறண்ட வடபுலத்து ஆயர்கள், நம் முன்னோரைப் போன்றே மாடு கவர்ந்து பொருகின்றனர். வில்லின் இடத்தைத் துப்பாக்கி பெற்றுள்ளது. அங்கு மார்சபிட் பகுதியை ஆராய்ந்தோர் வியக்கத்தக்க ஒன்றைக் கண்டனர். வறண்ட ஆண்டுகளைக் காட்டிலும் மழை மிகுந்த ஆண்டுகளிலேயே கொலைகள் மிகுதி! உயர்ந்த புல் கவர்வோர்க்கு மறைவிடமாகிறது. கொழுத்த மாடுகள் நெடுந்தொலைவு நடக்கின்றன. வறட்சிக் காலத்திலோ பகைத்த இனத்தாரும் உடன்பட்டுக் கிணற்று நீரைப் பகிர்கின்றனர். காலநிலையைவிட ஏனைய சமுதாய, பொருளாதாரக் காரணங்களே போருக்கு மிகுதியும் ஏதுவாகின்றன என்று பன்னாட்டுக் காலநிலை அறிஞர் குழுவும் 2022இல் உரைத்தது.

பகிர்வுக்கு வேண்டுவது முறை. தமிழர் அதனை ஏரிக்கரையில் கற்றனர். உத்தரமேரூரில் 10ஆம் நூற்றாண்டிலேயே ஏரியைப் பேண வாரியம் ஒன்று இருந்தது. ஏரிப் பாசன ஊர்களில் நீர் குறைந்தவிடத்து, இன்ன நாள் இன்னார் வயலுக்கு என ஊரார் கூடி வகுப்பர். மடையைத் திறக்கும் பொறுப்பை நீர்பாய்ச்சி ஒருவரிடம் ஒப்புவிப்பர். அறுவடை முடிந்ததும் களத்திலேயே அவருக்குரிய நெல்லை அளந்து கொடுப்பர்.