பழைய வண்டிக்குப் புது வண்ணம்

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பார்கள். சிறு மோட்டார் பொம்மைகளுக்கும் இது பொருந்தும். ஆனால் ஆடை உடுத்துமுன் குளிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பழைய வண்ணத்தை உரித்த கையோடு புது வண்ணத்தைப் பூசிவிட்டு, பத்தே நாளில் அது செதில் செதிலாக உதிரக் கண்டு கடைக்காரரைக் குறை கூறுவோர் நம்மிடையே உண்டு. குற்றம் பெரும்பாலும் வண்ணத்தில் இல்லை. அதைத் தாங்கும் பரப்பில் இருக்கிறது. உரித்தலுக்கும் பூசுதலுக்கும் இடையே செய்யவேண்டிய வேலைகளை இங்கே காண்போம்.

ஹவுராவில் வாழும் நமக்கு எடுத்துக்காட்டாக அம்பாசடரைவிடப் பொருத்தமான கார் வேறில்லை. ஹவுராவிலிருந்து பர்த்தமான் செல்லும் ரயில் பாதையில், உத்தரபாராவை அடுத்த ஹிந்த் மோட்டார் நிலையம், அக்கார் பிறந்த தொழிற்சாலையின் பெயரையே தாங்கி நிற்கிறது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி எழுந்த அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. பதினைந்து ஆண்டு நிறைந்த வாடகை வண்டிகளை விலக்கும் விதியால் மஞ்சள் டாக்சிகள் பல மறைந்துவிட்டன. என் தந்தையார் வேலையின் பொருட்டு இவ்வூர் வந்த புதிதில் என் அண்ணனுக்கு வாங்கிய பிளாஸ்டிக் அம்பாசடர் ஒன்று எங்கள் வீட்டில் உள்ளது. அதன் மேற்கூடு கெட்டால் அதே கூடு மீண்டும் கிடைக்காது. இத்தகைய பொருளைத் தொடும்போதுதான் படித்த வேதியியல் பயன்பட வேண்டும்.

1. பொருளை அறிதல்

மாதிரி வண்டிகளின் கூடு பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. ஒத்த தன்மையுள்ளதை ஒத்த தன்மையுள்ளதே கரைக்கும் என்பது நாம் அறிந்த விதி. ஆகவே அசிட்டோன், தின்னர், பெட்ரோல் ஆகியவை வண்ணத்தோடு கூட்டையும் இளக்கிவிடும். ‘கடைசியாக ஒரு முறை தின்னரால் துடைத்தால் என்ன?’ என்ற ஆசையை அடக்குக. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் பாலிஸ்டைரீனைக் கரைப்பதில்லை. எனினும் எந்தத் திரவத்தையும் முதலில் கூட்டின் உட்புறத்தில் ஒரு துளி இட்டு, அரை மணி கழித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஒட்டினாலோ மெழுகு போல் பதிந்தாலோ அது ஆகாது.

2. கழுவுதல்

உரிக்கப் பயன்பட்ட காரமோ பிரேக் எண்ணெயோ கதவுக் கோடுகளிலும் சன்னல் ஓரங்களிலும் ஒளிந்திருக்கும். அதன்மேல் பூசிய வண்ணம் நிலைக்காது. பாத்திரம் கழுவும் சோப்பைக் கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் கலந்து, மென்மையான பல்துலக்கியால் தேயுங்கள். காரம் பயன்படுத்தியிருந்தால் ரப்பர் கையுறை அவசியம். பாலிஸ்டைரீன் ஏறக்குறைய 100 பாகை செல்சியசில் இளகுவது. மெல்லிய தூண்கள் அதற்கு முன்பே வளையக்கூடும். ஆதலின் கொதிநீரும், சூடான காற்றும், கடும் வெயிலும் வேண்டா. கோடுகளில் தங்கிய வண்ணத்தை மூங்கில் பற்குச்சியால் எடுங்கள், ஊசி கீறிவிடும்.

அலசியபின் ஒரு சோதனை. உலோகம் சுத்தமானால் நீர் அதன்மேல் ஒரே படலமாகப் பரவும். பாலிஸ்டைரீனில் அவ்வாறு எதிர்பார்க்கலாகாது. அதன் பரப்பாற்றல் குறைவாதலால் நீர் முத்து முத்தாகத் திரளும். ஓரிடத்தில் மட்டும் நீர் பரவி நின்றால் அங்கே சோப்போ காரமோ மிஞ்சியுள்ளது எனக் கொண்டு மீண்டும் அலசுக. பிறகு ஓரிரவு மூடி உலரவிடுக.

3. தேய்த்தல்

வழவழப்பான பரப்பில் வண்ணத்துக்குப் பிடி கிடையாது. 800 அல்லது 1000 எண் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து மெல்லத் தேயுங்கள். நீர் தூளையும் உராய்வு வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். பளபளப்பு மங்கினால் போதும். அம்பாசடரின் வளைந்த மேற்கூரை பொறுத்துக்கொள்ளும். ஆனால் பானெட்டின் நடுக்கோடும் சின்னங்களும் பொறுக்கமாட்டா. அவற்றின்மேல் காகித டேப்பு ஒட்டிவிடுங்கள். பள்ளங்களுக்குப் பட்டியை மெல்லிய படலங்களாக இடுக. தடித்து இட்டால் அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை இளக்குவதோடு, உலர உலரப் பட்டியும் சுருங்கிக் குழியும்.

4. பிரைமரும் பருவமும்

மீண்டும் கழுவி உலர்த்தியபின் வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் வண்ணத்தை விலக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் நிலைமின்னேற்றம் உண்டாகித் தூசியை இழுக்கும், ஈரத்துணியே நன்று. காற்றோட்டமுள்ள இடத்தில், ஏறக்குறைய ஒரு சாண் தொலைவிலிருந்து, பனி படர்வதுபோல் பிரைமரைத் தெளியுங்கள். மஞ்சளுக்கு மறைக்கும் ஆற்றல் குறைவு. கீழே சாம்பல் நிறம் இருந்தால் அது அழுக்கு மஞ்சளாகும். வெள்ளைப் பிரைமரே ஏற்றது.

ஹூக்ளிக் கரையின் மழைக்காலம் இவ்வேலைக்குப் பகை. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றின் நீராவி அதன்மேல் படிந்து வண்ணம் வெளிறுகிறது. அடைமழை நாளில் கழுவலாம், தேய்க்கலாம், தெளிக்கலாகாது.

பிரைமர் உலர்ந்ததும் விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அதுவரை ஒளிந்திருந்த கீறல்களும் பழைய வண்ணத்தின் எல்லைக் கோடுகளும் அப்போது வெளிப்படும். அவற்றை 1500 எண் தாளால் சமன்செய்து, மீண்டும் ஒருமுறை மெல்லத் தெளியுங்கள். பூசுதல் ஒரு மணி நேர வேலை. முன்னேற்பாட்டுக்கோ மூன்று மாலைகள் வேண்டும். அம்மூன்று மாலைகளைத் தரத் தயங்காதவர் வீட்டு மஞ்சள் டாக்சி நெடுநாள் மங்காது நிற்கும்.