இதயமும் சிறுநீரகமும்

நம் ஒரகடத்திலும் சுற்றுப்புறத்திலும் தொழிற்சாலைக்குச் செல்பவர் இல்லாத வீடு அரிது. அப்பாவோ அண்ணனோ மருத்துவப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்தால், சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று வீடே கூடிப் பார்க்கிறது. அதே தாளில் ‘கிரியாட்டினின்’ என்றொரு வரியும் பெரும்பாலும் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. இதயநோய் உள்ளவருக்கு அதுவே மிக முக்கியமான வரிகளுள் ஒன்று. அதைப் படிக்கும் முறையை இங்கே காண்போம்.

நம் தசைகளிலுள்ள கிரியாட்டின் என்னும் பொருள் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதைந்து, கிரியாட்டினின் என்னும் கழிவாகிக் குருதியில் கலக்கிறது. அதை வடிகட்டி வெளியேற்றுவது சிறுநீரகம். தெருவில் நாள்தோறும் ஒரே அளவு குப்பைதான் சேர்கிறது. ஆனாலும் குவியல் உயர்ந்துகொண்டே போகிறது என்றால், அள்ளும் வேலை குறைந்துவிட்டது என்றுதானே பொருள்? வடிகட்டும் திறன் பாதியாகும்போது குருதியிலுள்ள கிரியாட்டினின் ஏறத்தாழ இருமடங்காகிறது.

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். 25 வயது இளைஞர் ஒருவருக்கும், 70 வயது பாட்டி ஒருவருக்கும் கிரியாட்டினின் 1.2 என்று வைத்துக்கொள்வோம். வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டு வாய்பாட்டில் இதை நாங்கள் போட்டுப் பார்த்தோம். இளைஞருக்கு வடிகட்டும் திறன் நிமிடத்திற்கு ஏறக்குறைய 86 மில்லிலிட்டர் வந்தது. பாட்டிக்கு வந்ததோ 49! எண் ஒன்றுதான். ஆனால் பாட்டியின் உடலில் தசை குறைவு, கழிவும் குறைவு, அப்படியிருந்தும் 1.2 இருப்பதால் அவருடைய சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது. இத்திறன் மூன்று மாதங்களுக்கு மேலாக 60க்குக் கீழே இருந்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படும். ஆகவே, “1.2 தானே, பரவாயில்லை” என்று சொல்லிவிடுவதற்கில்லை.

சரி, இதயத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு? இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை அனுப்புகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. இதயம் தளர்ந்தால் இப்பங்கு குறைகிறது. உடனே சிறுநீரகம், உடலில் நீர் வற்றிவிட்டதென்று தவறாக எண்ணி, ரெனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அதன் விளைவாக உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன. குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. ஏற்கெனவே களைத்த இதயத்தின் தலையில் மேலும் சுமை! உதவி செய்ய வந்தவரே உபத்திரவம் ஆன கதைதான்.

இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்டு பிரைட், சிறுநீரக நோயாளிகள் பலருடைய இதயம் பருத்திருந்ததை 1836லேயே எழுதி வைத்தார். பிற்காலத்தில், 2004இல், வட கலிபோர்னியாவில் 11 இலட்சத்திற்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்த அறிக்கை வெளிவந்தது. வடிகட்டும் திறன் 60ம் அதற்கு மேலும் உள்ளவர்களோடு ஒப்பிட்டால், 45 முதல் 59 வரை உள்ளவர்களுக்கு இதய, குருதிக்குழாய் நோய் நிகழ்வுகளின் அபாயம் 1.4 மடங்கு, 15 முதல் 29 வரை உள்ளவர்களுக்கு 2.8 மடங்கு. கிளீவ்லாந்து ஆய்வாளர்கள் 2013இல் டி.எம்.ஏ.ஓ. என்ற இன்னொரு பொருளையும் சுட்டிக்காட்டினர். முட்டை, இறைச்சி முதலியவற்றிலிருந்து குடற் கிருமிகளின் உதவியால் உண்டாகும் இதையும் வெளியேற்றுவது சிறுநீரகமே. குருதியில் இது மிகுந்த இதயநோயாளிகளுக்கு மூன்று ஆண்டுகளில் மாரடைப்பு முதலியன கூடுதலாக ஏற்பட்டன. இதற்காக முட்டையை நிறுத்த வேண்டுமா என்று அம்மாமார் அஞ்ச வேண்டாம். மீனிலேயே இப்பொருள் இயல்பாக நிறைய உண்டு.

நாம் அஞ்ச வேண்டியது வேறொன்று. நாள் முழுவதும் நின்று வேலை செய்தவர் மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே டைக்லோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறார். இதயநோயும் உள்ளவராயின் இவை சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதியை மேலும் குறைக்கும். மருத்துவரைக் கேளாமல் இவற்றை உண்பது ஆபத்து.

கிரியாட்டினின் உயர்வதற்கு முன்பே சேதத்தைக் காட்டக்கூடியது சிறுநீரில் ஒழுகும் புரதம். பிரைட் சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவாராம். புரதம் இருந்தால் முட்டை வெண்கருவைப் போலத் திரியும். நம் சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வழியாக, சென்னையை அடுத்த கிராமங்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே இதைப் போன்ற எளிய முறையையே கையாண்டார். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்த்தனர். சிறுநீரில் புரதத்தைச் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தாலும், சர்க்கரையைப் பெனடிக்ட் கரைசலாலும் சோதித்தனர். பெனடிக்ட் கரைசல் நம் ஆய்வுக்கூட அலமாரியில் நிற்கும் அதே நீலப் புட்டிதான்! நோய் கண்டவர்களுக்கு விலை மலிந்த மாத்திரைகளே தரப்பட்டன. 2003இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டொன்றுக்கு ஆளுக்கு ஆன செலவு கால் டாலரை ஒட்டியதுதான்.

தமிழக அரசும் 2023இல் சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ப் புரதச் சோதனைக்கு வழி செய்தது. வீட்டில் இதயநோயோ, சர்க்கரையோ, இரத்த அழுத்தமோ உள்ளவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது நாமும் உடன் சென்று இரண்டே கேள்விகள் கேட்கலாம்: “இவர் வயதுக்கு இந்தக் கிரியாட்டினின் சரிதானா? சிறுநீரில் புரதம் பார்த்தாயிற்றா?”