கொழுப்பிலிருந்து எலும்பா?

கேள்வி: விபத்தில் என் தம்பியின் கால் எலும்பில் ஒரு துண்டு போய்விட்டது. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வயிற்றுக் கொழுப்பிலிருந்தே ஆய்வகத்தில் எலும்பு வளர்க்கலாம் என்று படித்தேன். கொழுப்பு எப்படி எலும்பாகும்? தம்பிக்கு அது உதவுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கொழுப்பு எலும்பாவதில்லை. கொழுப்புத் திசுவில் கொழுப்பு செல்களின் ஊடே, வேறு வகை செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களும் இருக்கின்றன. எலும்பு செல்லாக மாறுபவை அவைதான். லைப்போசக்‌ஷனில் உறிஞ்சியெடுத்து வீசப்படும் கொழுப்பில் அவை இருப்பதை 2001-இல் அமெரிக்காவில் பேட்ரீசியா ஸக் குழுவினர் காட்டினார்கள்.

கொழுப்பைக் கழுவி, கொலாஜினேஸ் என்ற நொதியால் திசுவைப் பிரித்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவார்கள். கொழுப்பு செல்கள் மேலே மிதக்கும். வேண்டியவை அடியில் படியும். அந்த வண்டலை வளர்ப்புத் தட்டில் இட்டால் ஸ்டெம் செல்கள் தட்டில் ஒட்டிக்கொண்டு பெருகும். ஒட்டாதவற்றைக் கழுவி நீக்கிவிடுவார்கள்.

பிறகு ஊட்டக் கரைசலில் மூன்று பொருள்கள் சேரும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, எலும்பு செல்லாக மாறும்படி தூண்டும். வைட்டமின் சி, எலும்புக்கு அடித்தளமான கொலாஜன் இழைகள் உருவாக உதவும். பீட்டா கிளிசரோபாஸ்பேட், அந்த இழைகளில் கால்சியத்தோடு சேர்ந்து படிவதற்கான பாஸ்பேட்டைத் தரும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் அலிசரின் சிவப்புச் சாயம் ஊற்றிப் பார்ப்பார்கள். கால்சியம் படிந்த இடமெல்லாம் சிவந்தால் வெற்றி.

ஆனால் தட்டில் சிவந்தது எலும்பல்ல. எலும்பு கட்டும் கொத்தனார்கள் மட்டுமே. அவர்கள் ஏறி நிற்கச் சாரம் வேண்டும், உயிரோடிருக்க ரத்தக்குழாய் வேண்டும். பெரிய துண்டாக வைத்தால் ரத்தம் எட்டாமல் நடுவிலுள்ள செல்கள் மடிந்துவிடும். இன்றும் தீராத சிக்கல் இதுதான்.

ஜெர்மனியில் மண்டையோட்டின் ஒரு பகுதியை இழந்த 7 வயதுச் சிறுமிக்கு, அவளுடைய கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை வைத்துச் சிகிச்சை செய்ததாக 2004-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். மூன்று மாதத்தில் ஸ்கேனில் புது எலும்பு தெரிந்தது. ஆனால் செல்களோடு அவளது இடுப்பெலும்புத் துகள்களையும் சேர்த்தே வைத்திருந்தார்கள். எலும்பை வளர்த்தது எது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

உங்கள் டாக்டர் சொல்வது பல காலமாகப் பலன் தந்துவரும் வழி. கொழுப்பு ஸ்டெம் செல் சிகிச்சை இந்தியாவில் இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலின்படி, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே அதைத் தரக் கூடாது. யாராவது கட்டணம் சொல்லி அழைத்தால், முதலில் மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டில் (சிடிஆர்ஐ) அந்த ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.