ஹெட்லைட் மங்குதா? பல்பை விடுங்க, எர்த்தைப் பாருங்க

கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் கீரையும் கத்தரியும் போடுற நமக்குப் பாதி வேலை இருட்டில்தான். மூணு மணிக்கு வண்டியில் ஏற்றினால்தான் விடியறதுக்குள் சென்னைக் கடைகளில் இறக்க முடியும். அந்த நேரத்தில் வண்டலூர் சாலையில் மாடுகள் நடுரோட்டில் படுத்து அசை போட்டுக்கிட்டிருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். உங்க விளக்கு 30 மீட்டர்தான் காட்டுதுன்னா, மாடு கண்ணில் பட்டபிறகு உங்களுக்குக் கிடைப்பது ரெண்டு வினாடி கூட இல்லை. அதனால்தான் இந்த முறை மண்ணை விட்டு வண்டிக்கு வந்திருக்கேன்.

இலை மஞ்சளானதும் யூரியா வாங்க ஓடாதீங்க, வேரைப் பாருங்கன்னு சொல்றோம். ஹெட்லைட் மங்கினா மட்டும் நேரா கடைக்குப் போய் புது பல்பு வாங்குறோம். பல்பு எரியவே இல்லைன்னா அது பீஸ் போயிருக்கலாம். எரியுது, ஆனா மஞ்சளா அழுது வடியுதுன்னா கோளாறு பெரும்பாலும் பல்பில் இல்லை. அதுக்குப் போகிற, திரும்புகிற பாதையில் இருக்கு.

நம்ம ஊரில் இது சீக்கிரம் வரக் காரணம் உண்டு. ஒரு பக்கம் கோவளம் கடல், இன்னொரு பக்கம் முட்டுக்காடு உப்பங்கழி, நடுவில் உப்பளங்கள். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் செம்பில் பச்சைக் களிம்பு பூக்கும், இரும்பில் துரு ஏறும். அதுக்கு மேல நாம சாணமும் கோமியமும் ஏற்றுறோம். கோமியத்தில் இருக்கிற உப்பும் அமோனியாவும் வயர் இணைப்புகளுக்கு ஆகவே ஆகாது. வைக்கோல் பக்கத்தில் நிறுத்தினால் எலி கடிப்பது தனிக்கதை.

பழைய பிக்கப்புகளில் பெரும்பாலும் இருப்பது மூணு பின் உள்ள எச்4 ஹாலஜன் பல்பு: டிம் 55 வாட், பிரைட் 60 வாட், மூணாவது பின் ரெண்டுக்கும் பொதுவான எர்த். முதலில் கோளாறு எப்படிப்பட்டதுன்னு கவனிங்க. ரெண்டு பக்கமும் ஒரேயடியா போச்சுன்னா ப்யூஸ், ரிலே, இல்லைன்னா ஸ்டியரிங் பக்க ஸ்விட்ச். ரிலே மேல் சந்தேகம்னா, அதே மாதிரி ரிலே ஹாரனுக்கு இருந்தா மாற்றிப் போட்டுப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும்னா அந்தப் பக்கத்து ப்யூஸ், பல்பு, எர்த். டிம் போட்டதும் ஒரு பக்கம் மங்கி, டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கும் லேசா மினுங்கினா, அது எர்த் போனதுக்கு அடையாளம். திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட், பிரைட் இழை வழியா சுத்திக்கிட்டுப் போகப் பார்க்குது.

அடுத்து மல்டிமீட்டர். சின்னதா ஒண்ணு வாங்கிடுங்க, பம்ப்செட் ஸ்டார்ட்டருக்கும் உதவும். டி.சி. 20 வோல்ட்டில் வைங்க. நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு விளக்கைப் போடுங்க. கப்ளரைக் கழற்றக் கூடாது. கழற்றினால் கரண்ட் ஓடாது, ஒரே ஒரு இழை மிச்சமிருக்கிற வயர் கூட நல்ல வயர் மாதிரி காட்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று கப்ளரின் பின்பக்கமா நுழைச்சு எர்த் வயரில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லா இருக்கு. அரை வோல்ட்டைத் தாண்டினால் களிம்பு உட்கார்ந்திருக்கு. அதேபோல பேட்டரி பிளஸுக்கும் எரியற விளக்கின் பிளஸ் வயருக்கும் இடையில் அளங்க.

எங்க குழுவோட பழைய பிக்கப்பில் அளந்தபோது பேட்டரியில் 13.9 இருந்தது. எர்த் பக்கம் 1.9, பிளஸ் பக்கம் 0.6 வழியிலேயே தொலைஞ்சு பல்புக்குக் கிடைச்சது 11.4 மட்டும். கேட்க சின்ன வித்தியாசமாத்தான் இருக்கும். ஆனா ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். எங்க கணக்கில் பாதி வெளிச்சம் போயிருந்தது. அதுக்கு முன்னாடி அந்த வண்டிக்கு ரெண்டு ஜோடி பல்பு மாத்தியாச்சு!

சரி செய்ய ஆன செலவு ஒரு உப்புத்தாள். பேட்டரி மைனஸைக் கழற்றிட்டு, ரேடியேட்டர் பக்கச் சட்டத்தில் எர்த் வயர் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினோம். அடியில் இருந்த பெயின்ட், துரு, வளையத்தில் இருந்த களிம்பு எல்லாத்தையும் வெள்ளையாகிற வரை தேய்ச்சு, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினோம். எர்த் பக்கம் 0.1க்கு இறங்கிடுச்சு; பல்புக்கு 13.2 கிடைச்சது. வயரின் உள்ளேயே செம்பு கறுத்திருந்தால் தேய்ச்சுப் பிரயோஜனமில்லை. பல்பு எர்த்திலிருந்து பேட்டரி மைனஸ் வரை 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் புதுசா இழுத்துடுங்க.

பிளஸ் பக்கம் அதிகமா இழந்தால், ஹெட்லைட் கரண்ட் முழுக்க ஸ்விட்ச் வழியா போகுதான்னு பார்க்கணும். ரெண்டு பல்புக்குமா சுமார் 10 ஆம்பியர். தேஞ்ச ஸ்விட்ச் சூடாகி உருகும். எலக்ட்ரீஷியனிடம் டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு ரிலே போடச் சொல்லுங்க. 30 என்று போட்ட பின்னுக்குப் பேட்டரியிலிருந்து வருகிற வயரில், பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ப்யூஸ் இருக்கணும். ப்யூஸ் போனா செம்புக் கம்பி சுத்துற பழக்கம் வேண்டாம். வைக்கோல் ஏற்றுகிற வண்டி அது.

வெளிச்சம் போதலைன்னு 100 வாட் பல்பு போடுறவங்களைப் பார்க்கிறேன். பழைய வயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டைத் தாங்காது. ஹாலஜன் கூண்டுக்குள் எல்இடி பல்பைத் திணிச்சா ஒளி சிதறி எதிரில் வர்றவர் கண்ணைத்தான் அடிக்கும். எந்தப் பல்பானாலும் கண்ணாடியை விரலால் தொடாதீங்க. கை எண்ணெய் பட்ட இடம் சூடேறி சீக்கிரம் போயிடும்.

கடைசியா விளக்கின் கோணம். எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எப்.சி. இருக்கு, அங்கே வண்டி காலியாத்தான் நிற்கும். நாம ஓட்டுறது லோடோட. பின்பக்கம் அமுங்கினால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். அதனால வழக்கமான லோடை ஏற்றி, சமதளத்தில் சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்க. சுவரில் விழுகிற வெளிச்சத்தின் மேல் விளிம்பு, விளக்கோட நடு உயரத்துக்கு நாலு விரல் கீழே இருக்கணும். இல்லைன்னா விளக்குக்குப் பின்னாடி இருக்கிற திருகைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி இறக்குங்க.