குழந்தைக்கு ஹீமோகுளோபின் குறைந்தால்: எந்த வழியைத் தேர்வது?

குழந்தைக்கு ஹீமோகுளோபின் 9 என்று ஆய்வகத் தாளில் வந்த நாளிலேயே பெற்றோரின் கையில் ஒருபுறம் மருத்துவரின் சீட்டும், மறுபுறம் உறவினர் சொன்ன பழச்சாறும் கைப்பேசியில் வந்த குறிப்புகளும் சேர்ந்துவிடுகின்றன. பெரும்பாலும் வெல்வது பின்னதே. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 6 முதல் 59 மாத வயதுக் குழந்தைகளுள் இந்திய அளவில் 67.1 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டின் இந்த எண்ணிக்கை முந்தைய ஆய்வில் 50.7 ஆக இருந்து ஏறியிருக்கிறது. அங்கன்வாடியும் ஆரம்ப சுகாதார நிலையமும் எட்டும் தொலைவில் உள்ள மாநிலத்தில் இந்நிலை தொடர்வதற்குக் கிடைத்ததிலிருந்து தவறாகத் தேர்வதும் ஒரு காரணம்.

ஹீமோகுளோபின் என்பது சிவப்பணுக்களுக்குள் இருந்து உயிர்வளியைச் சுமக்கும் புரதம்; அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. 2 முதல் 5 வயதுக்கு உட்பட்டோருக்கு டெசிலிட்டருக்கு 11 கிராம், 5 முதல் 11 வயது வரை 11.5, 12 முதல் 14 வயது வரை 12 என்ற அளவுகளுக்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

குறைவு தெரிந்ததும் முதலில் தேட வேண்டியது காரணத்தை. முழு இரத்தப் பரிசோதனையில் சிவப்பணுவின் சராசரிப் பருமன் குறைந்திருந்தால் இரும்புக் குறைபாடு என்று கருதலாம் என்றாலும், தலசீமியா என்னும் பரம்பரைக் குறைபாட்டின் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தைக்கும் அதே தோற்றம் காணப்படும். அக்குழந்தைக்கு இரும்புக் குறைபாடும் உடன் இருந்தாலன்றி இரும்புச்சத்து மருந்தால் பயனில்லை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் என்ற புரதத்தை அளந்தால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியும். ஆனால் காய்ச்சலின்போது அது உயர்ந்து காட்டும் என்பதால் குழந்தை நலமாக இருக்கும் நாளில் அளப்பதே முறை. பருமன் கூடியிருந்தால் பி12 வைட்டமின் குறைபாட்டை நினைக்க வேண்டும். 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே கண்டறியப்பட்ட அரிவாள் செல் குறைபாடு அப்பகுதியில் இன்றும் கருத்தில் கொள்ளப்பட வேண்டிய ஒன்று.

இரும்புக் குறைபாடுதான் என்று உறுதியான பின் உள்ள வழிகள் எல்லோரும் அறிந்தவை: உணவு, வாய்வழி மருந்து, குடற்புழு நீக்கம். ஊசி வழி இரும்பும் இரத்தம் ஏற்றுவதும் குடல் உறிஞ்சாத நிலையிலோ குறைவு மிகக் கடுமையான நிலையிலோ மருத்துவர் முடிவுசெய்பவை. குடற்புழு நீக்கத்துக்கு ஆண்டுக்கு இருமுறை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியே நுழைந்து குடலில் இரத்தம் உறிஞ்சுவதால், மாத்திரையோடு செருப்பும் இதில் மருந்துதான்.

இவற்றையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு இன்று வீடுகளில் கோலோச்சுவது சிவப்புச் சாறு. ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றையும் அரைத்து ‘ஏபிசி ஜூஸ்’ என்று தரப்படுவதும், மாதுளைச் சாறும், பேரீச்சம்பழச் சிரப்பும் இதில் அடங்கும். நிறம் இரத்தத்தை ஒத்திருப்பதால் இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கைக்கு வேதியியலில் இடமில்லை. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலெயின் என்னும் நிறமியால் வருவது. அதில் இரும்பு இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் ஏறத்தாழ 0.8 மில்லிகிராம் இரும்பும், அதே அளவு மாதுளை முத்துகளில் ஏறத்தாழ 0.3 மில்லிகிராமுமே உள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவின்படி 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை; பீட்ரூட்டை மட்டும் நம்பினால் அதற்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும். குறைபாட்டைச் சரிசெய்யும் மருத்துவ அளவோ எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பதால், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 45 மில்லிகிராம் ஆகிறது. இதைப் பீட்ரூட்டில் பெற ஐந்தரை கிலோ போதாது.

சாறு குடித்த குழந்தையின் சிறுநீர் சிவந்து வருவதைக் கண்டு, சத்து உடலில் ஏறிவிட்டதாகச் சிலர் மகிழ்கின்றனர், இரத்தம் போகிறதென்று சிலர் அஞ்சுகின்றனர்; நிறமி வெளியேறுகிறது என்பதே உண்மை, அதுவும் இரும்புக் குறைபாடு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. பேரீச்சம்பழச் சிரப்பின் ஒரு தேக்கரண்டியில் இரும்பைவிடச் சர்க்கரையே பன்மடங்கு. காலையில் ஒரு குவளை இனிப்புச் சாறு குடித்த குழந்தை இட்லியைத் தள்ளிவிடும். அதை ஈடுகட்ட மாவுப் பானம் கலந்த பால் வந்தால், பாலின் கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

இவற்றைவிடப் பெரிய கேடு காலத்தாழ்ச்சி. ‘ஒரு மண்டலம் குடித்துப் பார்ப்போம்’ என்று மருத்துவர் எழுதிய புட்டியை அலமாரியில் வைத்துவிடும் வீட்டில் குறைபாடு அப்படியே தொடர்கிறது. மூளை விரைந்து வளரும் முதல் இரண்டு ஆண்டுகளில் அது நீடித்தால் கவனத்திலும் கற்றலிலும் ஏற்படும் பாதிப்பு, பின்னர் இரும்பு கொடுத்தும் முழுமையாக மீளாமல் போகலாம். பீட்ரூட் பொரியலாகத் தட்டில் இருப்பதில் குற்றமில்லை. மருந்தின் இடத்தில் அதை உட்கார வைப்பதே குற்றம்.

மருந்தைத் தேர்கையில் புட்டியின் முகப்பைவிடப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் ‘தனிம இரும்பு’, அதாவது உப்பின் எடையை நீக்கிய இரும்பின் எடை, உள்ளது என்பதே கணக்கு. ருசியும் விலையும் கூடிய புதுவகைக் கூட்டுப்பொருள்கள் பல வந்தபோதிலும், பழைய, மலிவான ஃபெர்ரஸ் சல்பேட்டை அவை விஞ்சிவிடவில்லை; 9 முதல் 48 மாதக் குழந்தைகளிடையே நடந்து 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 12 வார முடிவில் பாலிசாக்கரைடு இரும்பைவிட ஃபெர்ரஸ் சல்பேட்டே ஹீமோகுளோபினைக் கூடுதலாக உயர்த்தியது. மருந்துக்கு முன்னும் பின்னும் பாலும் தேநீரும் தராமல், நாக்கின் பின்பகுதியில் விட்டு வாய் கொப்பளிக்கச் செய்தால் பல்லில் கறை படியாது. மலம் கறுப்பாவது இயல்பு. இரும்பு மிகையானால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து என்பதால் புட்டி எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். அங்கன்வாடியில் வாரம் இருமுறை தரும் 1 மில்லி சிரப்பும், 5 முதல் 9 வயதுக்கு வாரம் ஒன்றாகத் தரும் இளஞ்சிவப்பு மாத்திரையும் குறைபாடு வராமல் காக்கும் அளவினவே அன்றி, வந்த குறைபாட்டுக்கு அவை மட்டும் போதா.

உணவில் நல்ல தேர்வுகள் விலை குறைந்தவையே. இறைச்சியிலும் மீனிலும் உள்ள ‘ஹீம்’ வகை இரும்பைக் குடல் எளிதில் ஏற்பதால், அசைவம் உண்ணும் வீட்டில் நன்கு வேகவைத்த சுவரொட்டிக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம். பழைய சிவப்பணுக்களை உடைத்து இரும்பை மீட்கும் மண்ணீரல் அது. சைவ வீட்டில் முருங்கைக்கீரை, கொள்ளு, கம்பு, எள் ஆகியவற்றின் இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும் என்றாலும், எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அளவு கூடும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைப்பதும் வீண்போவதில்லை. பசும்பாலை நாளொன்றுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துவதும், ஒரு வயதுக்குள் அதைப் பிரதான உணவாகத் தராதிருப்பதும், எந்த டானிக்கையும்விட மேலான பலன் தரும்.

இவ்வளவுக்கும் மேலாகத் தேவைப்படுவது பொறுமை. சிகிச்சை சரியாக இருந்தால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம் அளவேனும் ஏற வேண்டும். ஏறவில்லையெனில் தவறிய வேளைகளையும் பாலின் அளவையும் புழுவையும் முதலில் கண்டறிந்த காரணத்தையும் மறுபடி ஆராய வேண்டுமே தவிர, அடுத்த புட்டிக்குத் தாவக்கூடாது. ஏறியபின்னும் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடலின் சேமிப்பு நிரம்பும், தாளில் 11.5 வந்ததும் மருந்தை நிறுத்தும் அவசரமே அடுத்த ஆண்டு மீண்டும் 9க்கு இறக்கிவிடுகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் பசியும் ருசியும் உடல்வாகும் வேறு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பலித்ததைக் கொண்டுவந்து திணிப்பதைவிட, தன் குழந்தை எதை விரும்பி உண்கிறது, எதை எப்போது மறுக்கிறது என்று கவனித்து, தேர்ந்த வழியில் நாள் தவறாமல் நிற்கும் பெற்றோரே குழந்தையைத் தேற்றுகின்றனர்.