கூரையில் மரநாய்: விரட்டவா, பிடிக்கவா, அடைக்கவா?

ஹைதராபாத்தின் பேகம்பேட்டில் பழைய பங்களாக்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. அவற்றின் மாமரமும் சப்போட்டாவும் பக்கத்து அடுக்குமாடியின் பால்கனி வரை கிளை நீட்டுகின்றன. ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலின் பெரிய வளாகமும் பழைய விமான நிலையமும் அருகிலேயே. குகட்பள்ளி நாலா இந்த வழியாகத்தான் உசேன் சாகருக்குப் போகிறது. மரம், தண்ணீர், எலி மூன்றும் ஒரே பேட்டையில் கிடைப்பதால் மரநாய் இங்கே வசதியாக வாழ்கிறது. நடுராத்திரியில் ஃபால்ஸ் சீலிங்கின் மேல் ஆள் நடப்பதுபோல் சத்தமும், விடிந்ததும் மூக்கைத் துளைக்கும் மூத்திர வாடையும் இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும்.

அமெரிக்கர்களுக்கு ஸ்கங்க் எப்படியோ, நமக்கு மரநாய் அப்படி. மிரண்டால் வால் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து நாற்றத்தைப் பீய்ச்சும். அதைச் சமாளிக்கப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. செலவும் பலனும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடும்.

முதலில், வந்தது யார்?

இரவு படுக்கப்போகும் முன், சந்தேகப்படும் இடைவெளியின் வாசலில் கோலமாவை மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் ஐந்து விரல் பதிந்திருந்தால் மரநாய். நான்கு விரல்தான் என்றால் தெருப்பூனை. மொட்டைமாடி மூலையில் முழு முழுக் கொட்டைகளோடு எச்சம் கிடந்தாலும் மரநாய்தான். அது பழத்தைத் தின்று விதையை அப்படியே கழிக்கும்.

சுவரோரமாக ஓடி, கீச்சிட்டு, கஸ்தூரி வாடை விட்டுப்போவது மூஞ்சூறு. அது கரப்பான்பூச்சி தின்னும் பிராணி; கதவடி இடுக்கை அடைத்தால் போதும். தோட்டத்தில் மண்ணைக் குவித்து வளை தோண்டியிருந்தால் பெருச்சாளி. எலிக்காய்ச்சல் பரப்பக்கூடியது என்பதால் அதை அலட்சியம் செய்யக்கூடாது.

வழிகளை ஒப்பிட்டால்

*வாடை, ஒளி, ஒலி:* ரசகற்பூர உருண்டை, மிளகாய்த்தூள், ப்ளக்கில் செருகும் ஒலிக்கருவி எல்லாம் கடையில் உடனே கிடைக்கும், செலவும் குறைவு. ஆனால் உருண்டை கரைந்துபோகும், தூள் மழையில் போகும், ஒலி பழகிப்போகும். மூடிய அறையில் ரசகற்பூர ஆவி குழந்தைகளுக்குக் கெடுதல். பகலிலும் அணைக்காமல் எரியும் விளக்கு மட்டும், பகலில் இருட்டில் தூங்க நினைக்கும் மரநாயைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும். தற்காலிகத் துணையாக வைத்துக்கொள்ளலாம், இதையே நம்பியிருக்க முடியாது.

*விஷம்:* வேண்டவே வேண்டாம். விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் பூனையும் சாகும். மரநாய் சீலிங்குக்குள் செத்தால், இருந்த நாற்றத்தைவிடப் பெரிய நாற்றத்தை நாள்கணக்கில் அனுபவிக்க வேண்டும். மரநாயைக் கொல்வது சட்டப்படியும் குற்றம்.

*கூண்டு வைத்துப் பிடிப்பது:* பலர் முதலில் கேட்பது இதைத்தான். மரநாய் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வனத்துறை அனுமதியில்லாமல் நாமோ தனியார் ஆட்களோ பிடிக்கக்கூடாது. பிடித்து அப்புறப்படுத்தினாலும் ஓட்டை திறந்திருக்கிறது, மாம்பழம் விழுந்துகொண்டிருக்கிறது. அடுத்த மரநாய் வந்து குடியேறும். அறைக்குள் மாட்டிக்கொண்டாலோ காயம்பட்டுக் கிடந்தாலோ தெலங்கானா வனத்துறையைக் கூப்பிடுங்கள். அதுவரை கதவை மூடி, ஜன்னலைத் திறந்து, விளக்கை அணைத்து ஒதுங்கியிருங்கள்.

*சாப்பாட்டை நிறுத்துவது:* காசே ஆகாத வழி. விழுந்த பழத்தை மாலையிலேயே பொறுக்குங்கள். பூனை, நாய்க்கு வைத்த சோற்றை இரவில் எடுத்துவிடுங்கள். குப்பையை ராத்திரியே வெளியில் வைக்காமல், காலையில் குப்பை ஆட்டோ வரும்போது கொடுங்கள். ஒரு வீடு மட்டும் செய்தால் பலன் பாதிதான். அசோசியேஷன் கூட்டத்தில் பேசி, வாட்ச்மேன் அறை வரை எல்லோரும் கடைப்பிடித்தால்தான் உறைக்கும்.

*வழியை அடைப்பது:* கைக்காசு செலவாகும், நிலைப்பதும் இதுதான். ஓட்டுக்கூரை விளிம்பு, ஏசி குழாய் நுழையும் துளை, பைப் போகும் டக்ட், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை ஆகியவற்றில் வெல்ட் செய்த கம்பிவலையைத் திருகி மாட்டுங்கள். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும் என்பதால் சிறு இடைவெளியையும் விடாதீர்கள். சுவரை ஒட்டிய கிளைகளைக் கழியுங்கள். மரத்தையே வெட்ட வேண்டாம். அதற்கு 2002ஆம் ஆண்டு வால்டா (நீர், நிலம், மரம்) சட்டப்படி அனுமதி வேண்டும். தென்னந்தோப்பில் எலிக்குக் கட்டுவதுபோல அடிமரத்தில் வழுவழுப்பான தகரத்தைச் சுற்றினால் ஏற முடியாமல் வழுக்கும்.

அடைக்கும் முன் ஒரு சோதனை

மரநாய் எந்த மாதத்திலும் குட்டி போடலாம். தாயை வெளியே விட்டு ஓட்டையை மூடினால் குட்டிகள் உள்ளே பட்டினியில் சாகும். தாய் சும்மா இருக்காது, சீலிங்கைப் பிய்க்கும். எனவே ஓட்டையில் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகத் திணியுங்கள். தொடர்ந்து சில இரவுகள் தாள் அசையாமல் இருந்து, உள்ளே கீச்சுக்குரலும் கேட்காவிட்டால் அடைக்கலாம். குட்டி இருந்தால் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். வளர்ந்ததும் தாயோடு வெளியேறிவிடும். அந்தப் பொறுமை உயிரையும் காக்கும், சீலிங்கையும் காக்கும்.

பிறகு முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, எச்சத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் நனைத்து வழித்தெடுங்கள். காய்ந்தபடி பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள்.

உங்களுக்கு எது?

வாடகை வீடா? சாப்பாட்டை நிறுத்துவதோடு தொடங்கி, வலைக்கு வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அடுக்குமாடியா? டக்டையும் மொட்டைமாடியையும் அசோசியேஷன் செலவில் ஒரே நேரத்தில் அடையுங்கள். ஒரு ஃப்ளாட் மட்டும் அடைத்தால் மரநாய் அடுத்த ஃப்ளாட்டுக்குப் போகும். மரம் சூழ்ந்த தனி வீடா? கிளை, தகரம், வலை என்ற வரிசையில் செய்யுங்கள். மரத்தில் வந்துபோகிறது, வீட்டுக்குள் நுழையவில்லை என்றால் எதுவுமே செய்ய வேண்டாம். எலி தின்று விதை பரப்பும் பிராணி தோட்டத்தில் இருப்பது நமக்கு லாபம்தான்.

ஒன்றுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறதென்றால், கம்பிவலைக்குக் கொடுங்கள்.